ஒரே ஜீப்பை இரண்டு ஜீப்பாக எண்ணித் தடுத்து வைத்திருப்பது குறித்து

அனுப்புநர்:
டோக்கன் எண் 41,
இயந்திரவியல் பட்டயதாரர், நீரேற்று பம்புகளைப் பழுதுபார்க்கும் நிறுவனத்தில் களப் பொறியாளர்,
கீழ்க்காணும் வாகனத்தின் ஒரே உரிமையாளர்.
(முழுப் பெயர், முகவரி, அடையாளச் சான்று ஆகியவை இணைப்பு 1-இல்.)

பெறுநர்:
தலைமை அலுவலர் அவர்கள்,
வாகனப் பதிவு மற்றும் தகுதிச் சோதனை அலுவலகம்,
முதல் மாடி, அறை எண் 6.

பொருள்: நான்கு சக்கரமும் இழுக்கும் ஜீப்பின் வெளிப்புறம் முழுவதும் வெளிர்நிறத் தெளிப்புப் பாதுகாப்புப் பூச்சு பூசியது – முன்பாதியும் பின்பாதியும் நிறத்தில் சற்று வேறுபடுவது – அதனால் அது இரண்டு வண்டிகளை வெட்டி ஒட்டியது என ஆய்வாளர் ஐயுற்றுத் தடுத்து வைத்திருப்பது – இன்று மாலைக்குள் விடுவிக்கக் கோருதல் – தொடர்பாக.

பார்வை: 1. எனது நிறமாற்றப் பதிவு விண்ணப்பம், நாள் 16.
2. ஆய்வாளரின் 'பூச்சை நீக்கிக் காட்டுக' உத்தரவு, நாள் 18.
3. எனது நினைவூட்டுக் கடிதங்கள், ஐந்து. (ஐந்தாவது சற்றுக் கோபமாக இருக்கும். அதைப் படிக்காமல் விட்டாலும் குறையில்லை.)

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. வணக்கம். இம்மனுவைத் தங்கள் அலுவலகத்தின் வெளிப்படிக்கட்டில், கீழிருந்து நான்காவது படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். எனக்குத் திருமணமாகி இது மூன்றாம் நாள். புகார் மனுவுக்குப் பொருந்தாத உற்சாகம் இடையிடையே தலைகாட்டினால் காரணம் அதுவே என்று கொண்டு பொறுத்தருள வேண்டுகிறேன். இரண்டு முறை கிழித்துப் போட்டுத் திரும்ப எழுதியும் அது போகவில்லை. ஆனால் புகார் உண்மையானது. இன்று மாலை ஐந்து மணிக்குள் தீராவிட்டால் பிறகு தீர்ந்தும் பயனில்லை.

2. அவசரம் என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சுற்றி வளைக்க எனக்கு வராது. என் மனைவிக்கு மலையுச்சி வானிலை நிலையத்தில் பார்வையாளர் பணி கிடைத்திருக்கிறது. நான்கு ஆண்டுகளில் மூன்று முறை தேர்வு எழுதி வாங்கிய வேலை. வரும் திங்கட்கிழமை, 30-ஆம் நாள், காலை எட்டரை மணி அளவீட்டை அவரே எடுத்துப் பதிவேட்டில் கையெழுத்திட்டால்தான் பணியில் சேர்ந்ததாகக் கொள்ளப்படும். தவறினால் நியமனம் தானாகவே ரத்தாகிப் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும் என்று ஆணையின் கடைசி வரியில் தடித்த எழுத்தில் இருக்கிறது (இணைப்பு 2). நிலையத்துக்குப் போகும் கடைசி இருபத்திரண்டு கிலோமீட்டரைப் பாதை என்று வரைபடம் சொல்கிறது. நான் போய்ப் பார்த்தேன், அது பாறை. பேருந்து கிடையாது. வாடகைக் கார் ஓட்டுநர்கள் மலையின் பெயரைச் சொன்னதுமே போனை வைத்துவிடுகிறார்கள். நிலையத்துக்குச் சாமான் கொண்டுபோகும் டிராக்டர் மாதம் ஒருமுறை, ஐந்தாம் தேதி மட்டும் ஏறும். நடந்தே ஏறிவிடலாம் என்றால், அவரோடு இரண்டு பெட்டிக் கண்ணாடிக் கருவிகளும் ஏற வேண்டும். மிச்சம் இருப்பது என் ஜீப். அது தங்கள் அலுவலக முற்றத்தில், நிழலே இல்லாத மூலையில், பன்னிரண்டாவது நாளாக நிற்கிறது.

3. இனி வண்டியைப் பற்றி. பதினேழு வயதான ஜீப். எஞ்சின் நன்று. வெளித்தோல் மட்டும் பரிதாபம். முந்தைய உரிமையாளர் அதை முட்புதருக்குள்ளேயே ஓட்டிப் பழகியவர். சாதாரணப் பெயிண்ட் அடித்தால் மலைப்பாதையில் ஒரே வாரத்தில் கோடு கோடாகிவிடும். ஆகவே லாரிகளின் சுமைத் தொட்டிக்குள் அடிக்கும் தெளிப்புப் பூச்சை வண்டியின் வெளிப்புறம் முழுக்க அடிப்பதென்று முடிவு செய்தேன். இது பெயிண்ட் போலப் பளபளக்காது. காய்ந்த பின் ஆரஞ்சுத் தோலைவிடச் சற்றுச் சொரசொரப்பாக, ரப்பரும் கல்லும் கலந்த மாதிரி ஒரு மேல்தோலாக நிற்கும். கல் தெறித்தால் கல்தான் வருத்தப்படும். தங்கள் முற்றத்துக் காவலாளி நம்பவில்லை. மாதிரித் தகடு ஒன்றைக் கொடுத்து, கையில் உள்ள சாவியால் கீறிப் பாருங்கள் என்றேன். கீறினார். தகட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. சாவி வளைந்துவிட்டது. அது அலுவலக ஆவண அறையின் சாவி என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதை நிமிர்த்திக் கொடுத்துவிட்டேன் என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன்.

4. நிறம்தான் எல்லா வம்புக்கும் ஆரம்பம் என்பதால் அதையும் விளக்க வேண்டியிருக்கிறது. இந்தப் பூச்சை எல்லோரும் கறுப்பில்தான் அடிக்கிறார்கள். என் மாமனார் வாகனங்களுக்கு வண்ணம் பூசும் பட்டறை வைத்திருப்பவர்; அவரும் அதையே சொன்னார். "மாப்ள, இது தொட்டிக்குள்ள அடிக்கிற சாமான். வெளியில அடிக்கிறேன்னு சொல்றதே பாதிப் பைத்தியம். அதையும் வெள்ளையா அடிக்கணும்னா முழுசா ஆயிடும்" என்றார். நான் கறுப்புத் தகடு ஒன்றையும் வெளிர்நிறத் தகடு ஒன்றையும் நண்பகலில் அவர் பட்டறை வாசலில் வைத்து வெப்பமானித் துப்பாக்கியால் அளந்து காட்டினேன். கறுப்பு எழுபத்தோரு டிகிரி, வெளிர் நாற்பத்தாறு. மனைவி கொண்டுபோக வேண்டிய கருவிகள் ஐம்பதைத் தாங்காது. மாமனார் இரண்டு தகட்டையும் தொட்டுப் பார்த்தார். கறுப்பின் மேல் வைத்த விரலை வாயில் வைத்துக்கொண்டு, "சரி, வெள்ளையே அடி" என்றார். வெளிர்நிறத்துக்குக் குறையே இல்லை என்று நான் சொல்லவில்லை. சேறு பட்டால் ஊருக்கே தெரியும். சொரசொரப்புக்குள் தூசி குடியேறிவிடும். பிரஷ் போட்டுத் தேய்க்காமல் போகாது. நானே தேய்ப்பேன். அது என் தலைவலி.

நிறத்தைத் தேர்ந்தெடுத்தவர் மனைவி. வெறும் வெள்ளை ஆஸ்பத்திரி வண்டி மாதிரி இருக்கும் என்று சொல்லி, வெள்ளையில் துளி மஞ்சள் கலந்த மணல் நிறத்தைக் கேட்டார். அப்போது அவர் மனைவி ஆகவில்லை. ஆகப்போகிறவர். அவர் எந்த நிறம் கேட்டிருந்தாலும் அடித்திருப்பேன் என்பது இம்மனுவுக்குத் தேவையற்ற தகவல்.

5. இம்மாதம் 7-ஆம் நாள் பூச்சை அடித்தோம். ஒரு வாரம் காயவிட்டு, நிறம் மாறினால் பதிவேட்டிலும் மாற்ற வேண்டும் என்ற விதியை மதித்து, 16-ஆம் நாள் காலை ஒன்பதரைக்கு நானாகவே வண்டியை ஓட்டிக்கொண்டு இங்கே வந்தேன். என்னை யாரும் பிடித்து வரவில்லை. இதைத் தாங்கள் குறிப்பாகக் கவனிக்க வேண்டுகிறேன். திருட்டு வண்டிக்காரன் டோக்கன் வாங்கிக்கொண்டு மூன்று மணி நேரம் வரிசையில் உட்கார மாட்டான்.

வண்டியின் முன்பாதி அரிசிமாவு நிறம். பின்பாதி வெண்ணெய் நிறம். கதவுக்குப் பின்னால் நேர்கோடு கிழித்த மாதிரி இரண்டும் சந்திக்கும். பட்டறைக் குழல்விளக்கில் இது தெரியவில்லை, வெயிலில் தெரிகிறது. முதன்முதலாக வெயிலில் பார்த்த மனைவி, "முன்னாடி பாலு, பின்னாடி டீ. நடுவுல யாரு வடிகட்டுனது?" என்று கேட்டார். ஆய்வாளருக்கு அவ்வளவு நகைச்சுவை வரவில்லை. வண்டியை மூன்று சுற்றுச் சுற்றினார். கோட்டின் மேல் விரலை ஓட்டினார். பிறகு, "தம்பி, ஒரே வண்டிக்கு எவனாவது ரெண்டு கலர் அடிப்பானா? ரெண்டு வண்டிய வெட்டி ஒட்டுனவன்தான், ஒட்டு தெரியக் கூடாதுன்னு மேல இப்படிச் சொரசொரன்னு பூசி மறைப்பான்" என்றார்.

நியாயமான சந்தேகம்தான். நான் ஆய்வாளராக இருந்திருந்தால் எனக்கும் வந்திருக்கும். இந்தப் பூச்சு ஒட்டையும் மறைக்கும் என்பது உண்மை. மேலும், ஆறு ஆண்டுகளுக்கு முன் அவர் சரி என்று கையெழுத்திட்ட ஓர் ஒட்டு வண்டி, சந்தை வாசலில் பிரேக் போட்டதும் இரண்டாகப் பிரிந்து, முன்பாதி மட்டும் சற்றுத் தூரம் போனதாகக் காவலாளி சொன்னார். யாருக்கும் அடியில்லை. ஆனாலும் அதன் பிறகு ஆய்வாளர் எந்த வண்டியின் நடுப்பகுதியையும் நம்புவதில்லையாம். அவர் மேல் எனக்குக் கோபம் இல்லை. பிடிவாதம் பிடித்தவர், அந்த வியாதி எனக்கும் உண்டு.

6. கோபம் அவர் போட்ட உத்தரவின் மேல். கோடு இருக்கும் இடத்தில் ஒரு கை அகலத்துக்கு, வண்டியைச் சுற்றிலும், கூரை உட்பட, பூச்சை இரும்பு தெரியும்வரை நீக்கிக் காட்ட வேண்டும் என்கிறது பார்வை 2. அம்மையீர், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, எண்ணெய்ப் பிசுக்கு நீக்கி, இறுக வைக்கும் ஹார்டனர் கலந்து, தகட்டின் நுண்கீறல்களுக்குள் பிடித்துக்கொள்ளும்படி அடித்த பூச்சு அது. நகத்தால் உரித்தெடுக்க அது ஸ்டிக்கர் அல்ல. கிரைண்டர் வைத்துத்தான் எடுக்க முடியும். கிரைண்டர் வைத்தால் கூரைத் தகடு சூடேறி நெளியும். நெளிந்ததை டிங்கரிங் செய்து, பட்டி பார்த்து, மறுபடி அடித்துக் காயவைக்க மூன்று வாரம். திங்கட்கிழமைக்கு மூன்று நாள்தான் இருக்கிறது. இதைப் படம் வரைந்து, அம்புக்குறி போட்டு, அளவுகளோடு ஆய்வாளரிடம் கொடுத்தேன் (இணைப்பு 3). படம் நன்றாக இருக்கிறது என்று பாராட்டி, கோப்பில் வைத்துக்கொண்டார்.

7. பூச்சைத் தொடாமலே உண்மையைக் காண வழி இருக்கிறது என்பதே இம்மனுவின் சாரம். வெளிப்புறத்துக்குத்தான் பூச்சு, உட்புறத்தில் ஒரு துளிகூட இல்லை. இந்த ரக ஜீப்பின் தரை, முன்னிருந்து பின்வரை ஒரே அச்சில் அழுத்திய ஒற்றைத் தகடு. எவனாவது நடுவில் வெட்டி ஒட்டியிருந்தால், உள்ளே தரைவிரிப்பைத் தூக்கினால் போதும், வெல்டிங் தடம் தழும்பு போல நிற்கும். இல்லாவிட்டால் தொழிற்சாலையின் பழைய பச்சைப் பெயிண்ட் ஒரே சீராக ஓடும். ஒரு நிமிட வேலை. இதை 18-ஆம் நாளே சொன்னேன். "படிவத்துல வெளிப்புறச் சோதனைன்னுதான் இருக்கு. உள்ள பாக்கச் சொல்லி எங்க இருக்கு, காட்டு" என்றார் ஆய்வாளர். காட்ட முடியவில்லை. படிவத்தை நான் அச்சடிக்கவில்லை.

ஆனால், அம்மையீர், அதே ஆய்வாளர் 19-ஆம் நாள் முதல் ஒவ்வொரு வேலை நாளும் பகல் ஒன்றிலிருந்து ஒன்றேமுக்கால் வரை என் ஜீப்பின் உள்ளேதான் உட்கார்ந்து சாப்பிடுகிறார். இதை நான் புகாராகச் சொல்லவில்லை, பெருமையாகவே சொல்கிறேன். இந்த முற்றத்தில் பறிமுதல் செய்து நிறுத்திய வண்டிகள் பதினாறு. எல்லாவற்றின் உள்வெப்பத்தையும் அளந்தேன். என் வண்டிதான் குளுமையானது; தங்கள் முன்னறையைவிட மூன்று டிகிரி குறைவு. வெளிர்நிறப் பூச்சின் திறனுக்கு இதைவிட நேர்மையான சான்றிதழ் எந்தச் சோதனைக்கூடமும் தர முடியாது. 18-ஆம் நாள் காவலாளி மட்டும் உட்கார்ந்தார். மறுநாள் ஆய்வாளர் சேர்ந்துகொண்டார். நேற்றைக்கு ஐந்து பேர். கடைசியாக வந்த தட்டச்சர் அம்மாவுக்கு இடமில்லை. நான் இறங்கி என் இடத்தைக் கொடுத்தேன். "உங்க வண்டிதான் தம்பி, நீங்க இருங்க" என்றார். "என் வண்டிதான்னு உங்க ஆய்வாளர்கிட்ட கொஞ்சம் சொல்லுங்கம்மா" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஆய்வாளரும் சிரித்தார். அவர் சாப்பாட்டு டப்பாவை வைத்திருந்த இடம், நான் தூக்கிப் பார்க்கச் சொல்லும் அதே தரைவிரிப்பு, அதே நடுப்பகுதி (புகைப்படம், இணைப்பு 4). ஏழு வேலை நாளாக அவர் சான்றின் மேலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறார்.

8. 25-ஆம் நாள் பதிவுத் திருமணம் முடிந்ததும் நேராக இங்கேதான் வந்தோம். இந்த வண்டியில் போக வேண்டியவர்கள், பக்கத்து வீட்டுக்காரரின் சலவைத் துணி வேனில் வந்து இறங்கினோம். மனைவிதான் பிடிவாதமாக, வண்டியோடு ஒரு படம் எடுத்தே ஆக வேண்டும் என்றார். வண்டிக்கு முன்னால் நின்றோம். முகப்புக் கண்ணாடியில் 'தடுத்து வைக்கப்பட்டது' என்று தங்கள் அலுவலகத் தாள் ஒட்டியிருந்தது. அதன் கீழே என் தலை. மனைவிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எடுத்த பதினொரு படத்திலும் ஒன்றில்கூட அவர் வாய் மூடியிருக்கவில்லை. படம் எடுத்துக் கொடுத்தவர் ஆய்வாளர். "கொஞ்சம் இடது பக்கம், கோடு நடுவுல வரட்டும்" என்று அவரே சொன்னார். வாழ்த்தும் சொன்னார். தாளை மட்டும் எடுக்கவில்லை. வாழ்த்து வேறு, விதி வேறு என்றார். நான் ஏற்றுக்கொண்டேன். அன்றைக்கு யார் என்ன சொன்னாலும் ஏற்றுக்கொண்டிருப்பேன்.

இன்னொன்று: முதல் நாள் என் வண்டியில் சாய்ந்தபோது அவருடைய சட்டையின் முழங்கைப் பகுதி சொரசொரப்பில் உரசி நைந்துவிட்டது. அதற்கு இதன் மூலம் வருத்தம் தெரிவிக்கிறேன். அது பூச்சின் பலமே தவிர என் பகை அல்ல.

9. இனி எழுத வேண்டியது எனக்குச் சிரமமானது. எழுதாமல் இம்மனு முழுமையாகாது.

ஏன் இரண்டு நிறம் என்று ஆய்வாளர் எழுத்துமூலம் கேட்டபோது, 'பாட்டில் தயாரிப்பில் கோளாறு' என்று பதில் கொடுத்திருந்தேன். அது பொய். தவறு என்னுடையது.

பூச்சு நான்கு பாட்டில்களில் வரும். நிறத்தை நாம்தான் கலக்க வேண்டும். அன்று பட்டறையில் மாமனார் ஒரு பெரிய வாளியைக் கொண்டுவந்து வைத்து, "நாலையும் இதுல கொட்டி, கலரையும் ஒண்ணாக் கொட்டிக் கலக்கிடு. அப்புறம் பிரிச்சு எடுத்து ஹார்டனர் போட்டுக்கலாம். தப்புனாலும் வண்டி முழுக்க ஒரே தப்பா இருக்கும்" என்றார். முப்பது ஆண்டாக அவர் கை அப்படித்தான் கலக்குகிறது. நான் கேட்கவில்லை. வாளியில் கலக்குவது அந்தக் காலத்து வேலை மாமா, நான் ஒவ்வொரு தொகுதிக்கும் தனித்தனியாகக் கிராம் கணக்கில் எடை போட்டே கலக்குகிறேன், ஒரு மயிரிழை வித்தியாசம் வராது என்றேன். எண்காட்டித் தராசை எடுத்து வைத்தேன். முன்பாதிக்கு இரண்டு பாட்டில், வெள்ளை இவ்வளவு, மஞ்சள் பதினான்கு கிராம், கச்சிதம். கதவுக்குப் பின்னால் மாஸ்கிங் டேப் ஒட்டி, முன்பாதியை அடித்து முடித்தோம்.

பின்பாதிக்கான இரண்டாவது தொகுதியில் மஞ்சள் பதினான்கு கிராமை ஊற்றி முடித்த நேரம், பகல் 11.42. போன் வந்தது. என் மனைவி, அதாவது அப்போது ஆகப்போகிறவர், "ஆர்டர் வந்துடுச்சு. எனக்கு வேலை கிடைச்சிடுச்சு. கேக்குதா? ஏதாவது பேசுங்க" என்றார். நான் ஏதும் பேசவில்லை. பட்டறையைச் சுற்றி ஓடினேன். கம்ப்ரஸரைக் கட்டிப்பிடித்தேன். அழுதேனா என்று உறுதியாகச் சொல்ல முடியாது, முகமூடி போட்டிருந்தேன். திரும்பி வந்து தராசைப் பார்த்தால் பூஜ்யம் காட்டியது. நான்தான் பூஜ்யமாக்கிவிட்டுப் போயிருக்கிறேன், நினைவில்லை. மஞ்சள் இன்னும் ஊற்றவில்லை என்று எண்ணி, இன்னொரு பதினான்கு கிராமை மிகத் துல்லியமாக ஊற்றினேன். குறிப்பேட்டிலும் எழுதினேன். எழுதும்போதே மேல்வரியில் அதே எண் இருப்பதைப் பார்த்தேன். ஹார்டனரும் அதற்குள் சேர்த்தாகிவிட்டது. வேறு பாட்டில் இல்லை. மாமனார் தெளிப்புத் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். இரண்டாவது வரியைப் பிளேடால் சுரண்டி அழித்துவிட்டு, "அடிங்க மாமா" என்றேன்.

மறுநாள் வெயிலில் நிறம் தெரிந்ததும், பாட்டில்மேல் பழியைப் போட்டேன். மாமனார் நம்பினார். நம்பியது மட்டுமல்ல, இருபது ஆண்டு பழகிய பெயிண்ட் கடைக்காரரிடம் போய், "என் மாப்பிள்ளை கிராம் கணக்குல எடை போட்டவன்யா, அவன் கணக்கு தப்பாது. உன் சரக்குதான் தப்பு" என்று சண்டை போட்டுவிட்டு வந்தார். இருவருக்கும் இன்றுவரை பேச்சில்லை. கடைக்காரர் திருமணத்துக்கு வரவில்லை. வராததற்கு நான்தான் காரணம் என்று தெரிந்த ஒரே ஆள் நான். அவ்வளவு சந்தோஷத்துக்கு நடுவில் அது மட்டும் செருப்புக்குள் மாட்டிய கல் மாதிரி குத்திக்கொண்டே இருந்தது.

நேற்று மாமனார் வெளியே போன நேரம் பார்த்து, புதிதாக வாங்கிய பாட்டிலில் இரண்டு மாதிரித் தகடுகள் அடித்தேன். ஒன்றில் மஞ்சள் பதினான்கு கிராம் விகிதம், மற்றதில் இருபத்தெட்டு. முதலாவது வண்டியின் முன்பாதியோடும், இரண்டாவது பின்பாதியோடும் அப்படியே பொருந்துகின்றன. தகடுகள், சுரண்டிய தடத்தோடு குறிப்பேடு, 11.42 அழைப்பைக் காட்டும் போன் பதிவு மூன்றையும் இணைத்துள்ளேன் (இணைப்பு 5). இரண்டு நிறம் வந்தது இரண்டு வண்டியால் அல்ல. ஒரு வண்டி, ஒரு தராசு, ஒரு முட்டாள்.

இந்தப் பத்தியை எழுதும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி படித்துக்கொண்டே வந்தார். முதலில் சிரித்தார். கடைக்காரர் வரியில் சிரிப்பு நின்றது. பிறகு, "நீங்க போன்ல ஏன் ஒண்ணுமே சொல்லலன்னு அன்னிக்கு எனக்கு எவ்வளவு வருத்தம் தெரியுமா? வேலைக்குப் போறது பிடிக்கலையோன்னு ராத்திரி பூரா யோசிச்சேன். ஓடிக்கிட்டு இருந்தேன்னு சொல்லியிருக்கலாம்ல?" என்றார். பேனாவை வாங்கி, 'தவறு என்னுடையது' என்ற சொற்களின் கீழே கோடு போட்டார். கோடு சற்று அழுத்தமாகவே விழுந்திருக்கிறது. திருத்தமாகக் கொள்ள வேண்டாம், ஒப்புதலாகக் கொள்ளவும்.

10. எனவே தாங்கள் கருணை கூர்ந்து:

(அ) இப்போதே கீழே இறங்கி வந்து, அல்லது ஆய்வாளருக்கு எழுத்தில் அனுமதி கொடுத்து, வண்டியின் உட்புறத் தரைத் தகட்டைப் பார்வையிட வேண்டுகிறேன். விரிப்பு போதாது, இருக்கைகளையும் கழற்ற வேண்டும் என்றால் எட்டு போல்ட்டுகள், பதினான்காம் எண் ஸ்பானர் என் பையில் இருக்கிறது, ஆறு நிமிடம்.

(ஆ) அங்கே ஒரே ஒரு வெல்டிங் தடம் தென்பட்டாலும் வண்டியைத் தாங்களே வைத்துக்கொள்ளலாம். கிரைண்டரையும் நானே கொண்டுவந்து தருகிறேன்.

(இ) தடம் இல்லாவிட்டால், பார்வை 2-இல் கண்ட உத்தரவை ரத்து செய்து, நிறமாற்றத்தைப் பதிவேட்டில் ஏற்றித் தர வேண்டுகிறேன். நிறத்துக்குப் படிவத்தில் ஒரே கட்டம்தான் உள்ளது, இரண்டு நிறம் எழுத இடமில்லை என்று எழுத்தர் கவலைப்படுகிறார். 'வெளிர்' என்று மட்டும் எழுதினால் போதும். 'பால், டீ' என்று எழுதினாலும் எனக்கு மறுப்பில்லை. மனைவிக்கு அதுவே விருப்பம்.

(ஈ) தவறான பதில் எழுதிக் கொடுத்ததற்கு விதிப்படி என்ன நடவடிக்கையோ, அதை என் மேல் எடுக்கலாம். செவ்வாய்க்கிழமைக்குப் பிறகு எந்த நாள் அழைத்தாலும் வருகிறேன். வண்டியின் மேல் மட்டும் எடுக்க வேண்டாம்.

11. மணி இப்போது மூன்று இருபது. அலுவலகம் ஐந்துக்கு மூடினால் இனித் திங்கட்கிழமைதான் திறக்கும். திங்கள் காலை எட்டரைக்கு என் மனைவி மலையுச்சியில் இருக்க வேண்டும். ஞாயிறு விடிந்ததும் கிளம்பினால்தான், சமவெளியில் ஐந்து மணி நேரமும் பாறையில் மூன்று மணி நேரமுமாக, வெளிச்சம் இருக்கும்போதே ஏறி முடிக்க முடியும். அவரை அங்கே விட்டுவிட்டு நான் தனியாக இறங்கி வருவேன். பம்புகள் கீழேதான் இருக்கின்றன. பிறகு ஒவ்வொரு சனிக்கிழமையும் ஏறுவேன். கல்யாணமான ஐந்தாம் நாளே பெண்டாட்டியை மலையில் விட்டுவிட்டு வருவதற்கு இவ்வளவு அவசரப்படும் ஆளை இதுவரை பார்த்ததில்லை என்று தங்கள் காவலாளி சொல்கிறார். நானும் பார்த்ததில்லை. ஆனால் அவர் நான்கு ஆண்டு படித்ததை நான் பார்த்திருக்கிறேன்.

பதிவேட்டின் அந்தப் பக்கத்தில் திங்கள் காலை வெப்பநிலை, காற்றின் திசை, ஈரப்பதம் எல்லாம் எழுதி, கீழே அவர் கையெழுத்துப் போட வேண்டும். எனக்கு அந்தக் கையெழுத்து வேண்டும். அதற்கு முன் தங்கள் கையெழுத்து வேண்டும்.

இப்படிக்கு,
படிக்கட்டைவிட்டு நகராமல் காத்திருக்கும்,
(ஒப்பம்)
டோக்கன் எண் 41

இடம்: தங்கள் அலுவலகத்தின் வெளிப்படிக்கட்டு
நாள்: 27, வெள்ளிக்கிழமை, பிற்பகல் 3.20

சாட்சி: (ஒப்பம்) மனுதாரரின் மனைவி. மேலே கண்டவை யாவும் உண்மை. இவர் பம்பு நன்றாகப் பழுதுபார்ப்பார்; எடை போடும்போது மட்டும் யாரும் போன் செய்யக் கூடாது.

இணைப்புகள்: ஐந்து.

நகல்:
1. ஆய்வாளர் அவர்களுக்கு, தகவலுக்காக.
2. பெயிண்ட் கடை உரிமையாளர் அவர்களுக்கு, மன்னிப்புடன். பத்தி 9.
3. மாமனார் அவர்களுக்கு. தபாலில் அல்ல, இன்று மாலை நானே நேரில் போய்ப் படித்துக் காட்டுவேன்.